கவிழ்த்துவைத்த சோறு

அவித்த முட்டையை உரிக்க சோவானுக்கு அரை நிமிடம் போதும். அன்றைக்கு மட்டும் மூன்று முட்டை பாழானது. முதல் முட்டையின் வெள்ளை பிய்ந்து ஓட்டோடு போனது. இரண்டாவது கையிலிருந்து வழுக்கி அடுப்புச் சாம்பலில் விழுந்தது. மூன்றாவதில் நகம் பட்டுப் பள்ளம் விழுந்துவிட்டது. நாலாவதுதான் ஒரு கீறல் இல்லாமல் மழமழவென்று வந்தது. அதைத் தனிக் கிண்ணத்தில் வைத்து மேலே ஒரு மூடி போட்டு, ஈ மொய்க்காத இடமாகப் பார்த்து நகர்த்தி வைத்தாள்.

"ஒரு முட்டைக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்றார் அவள் கணவர் லூம், கரியடுப்பை விசிறிக்கொண்டே.

"சம்பந்தியம்மாவுக்கு ஆஃப்பாயில் ஆகாதாம். மஞ்சக்கரு ஓடுனா குமட்டுமாம். கியென் நேத்தே சொல்லிட்டுப் போனான்."

"இன்னும் சம்பந்தி ஆகல."

"வாயக் கழுவுய்யா. காலங்காத்தால."

லூம் வாயைக் கழுவவில்லை, மூடிக்கொண்டார். அவருக்கு ஒரு நாளைக்கு இருபது முப்பது வார்த்தைதான் இருப்பு. அதில் பாதியை விடிவதற்குள் செலவழித்துவிட்டோமே என்று நினைத்திருக்கலாம். பன்றி விலாவைத் திருப்பிப் போட்டார். கொழுப்பு கரியில் சொட்டிப் புகை கிளம்பிச் சந்து முழுக்கப் போனது. அந்தக் கடைக்கு விளம்பரம் அந்தப் புகைதான். பலகையில் 'கோம் தாம்' என்று பெயின்ட் உதிர்ந்த எழுத்தில் எழுதியிருக்கும். உடைந்த அரிசியில் ஆக்கிய நொய்ச்சோறு என்று அர்த்தம். சைகோனில் அதைப் படித்துப் பார்த்துக் கடைக்குள் வருகிறவர் யாருமில்லை. மூக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

இருபது வருஷமாக சோவான் இதே சந்தில் நொய் அவிக்கிறாள். முன்னிரவில் ஊறப்போட்டு, விடிவதற்கு முன் வாசனைக்கு ரம்பை இலை போட்டு ஆவியில் வேகவைத்தால் ஏழு மணிக்குப் பொலபொலவென்று நிற்கும். முழு அரிசி மாதிரி அது மன்னிக்காது; ஒரு கை தண்ணீர் கூடினால் களி, குறைந்தால் மணல். வெந்த சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் அழுத்தி, தட்டில் ஒரே கவிழ்ப்பு. பக்கத்தில் விலா, பன்றித்தோல் சீவல், ஊறவைத்த முள்ளங்கி. மேலே வெங்காயத்தாள் எண்ணெய், ஓர் ஆஃப்பாயில். இனிக்கிற மீன்சாறு தனிக் குவளையில். பைக் டாக்சிக்காரரும் சாப்பிடுவார், வங்கி மேலாளரும் சாப்பிடுவார், இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் முட்டி இடிக்க உட்காருவார்கள். இந்த நொய்யில்தான் மகள் திரின் வளர்ந்தாள், படித்தாள், ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்கும் போனாள். இந்த நொய்யைத்தான் அந்த அம்மாள் கோழித்தீனி என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது முந்தாநாள். கியெனின் அம்மா முய், வடக்கே தாய்பின்னிலிருந்து இரண்டு பகல் இரண்டு இரவு ரயிலில் வந்து இறங்கினாள். தோளில் தன் வயலில் விளைந்த பத்துக் கிலோ புது அரிசி. பழுப்புச் சட்டை, ஒரு முடி கலையாத கொண்டை. வடக்கத்திப் பேச்சில் மரியாதை வார்த்தைக்கு வார்த்தை ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே இருக்கிற சங்கதி என்ன என்று கண்டுபிடிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். அன்று மதியம் எல்லோரும் பாயில் உட்கார்ந்ததும் சோவான் வீட்டு வழக்கப்படி ஆளாளுக்குச் சாப்பாட்டுக் குச்சியை எடுத்தார்கள். திரின் முதல் மீன் துண்டை வாயில் போட்டுவிட்டாள். முய் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று சைகோன்காரர்களுக்கு எப்படித் தெரியும்? வடக்கில் வீட்டில் இளையவர் ஒவ்வொரு பெரியவராக முறை சொல்லி, சாப்பிடுங்கள் என்று அழைத்த பிறகுதான் குச்சி எழும். சொல்லித் தந்திருக்க வேண்டிய கியென் ஆறு வருஷத் தெற்குச் சோற்றில் அதையெல்லாம் மறந்து, வாய் நிறைய மென்றுகொண்டிருந்தான்.

"உங்க பக்கம் யாரும் யாரையும் கூப்பிட்டுக்க மாட்டீங்களாட்டம் இருக்குதுங்க," என்றாள் முய், சிரித்த முகத்தோடு. பிறகு சுற்றிலும் பார்த்தாள். "எங்கூட்ல சோத்துப் பானைக்குப் பக்கத்துல மருமவ உக்காருவாளுங்க. இங்க பானை அது பாட்டுக்கு மூலைல கெடக்குதுங்க."

சோவானுக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்றலாமே என்று தன் கடையைப் பற்றி ஆரம்பித்தாள். "நொய்யிங்களா?" என்று முய் வியந்தாள். "நாங்க கோளிக்குப் போடறதுங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சந்து இரண்டு நாள் தூங்கியிருக்காது. சோவானின் வாய் அப்படி. ஆனால் மகள் எதிரே உட்கார்ந்து கெஞ்சும் கண்ணோடு பார்க்கும்போது எந்த அம்மாவுக்கு வாய் திறக்கும்? திரினுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. நூல் மில்லில் மெக்கானிக்காக இருக்கிற கியென் இந்தக் கடையில் சாப்பிட வந்து, சோற்றைவிட அதிகமாகத் திரினைப் பார்த்து, சம்மதம் வாங்கி ஊருக்கு எழுதிய அதே மாதம் அவன் அப்பா செத்துப்போனார். துக்கம் கழியாமல் கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது. இரண்டேகால் வருஷம் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிகள், 'உன் பொண்ணு என்ன, ரயில் பெட்டி கணக்கா நின்ன இடத்துலயே நிக்கிறா?' என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். இப்போது துக்கம் கழிந்து அம்மாக்காரி பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறாள். இன்றைக்குச் சாயங்காலம் திரும்பிப் போக ரயில். இரண்டு நாளில் எல்லாவற்றையும் விசாரித்தாள், எல்லாவற்றுக்கும் சிரித்தாள். கல்யாணம் என்ற ஒரு சொல்லை மட்டும் வாயிலிருந்து விடவில்லை. அம்மா வேண்டாம் என்றால் மீறமாட்டேன் என்று கியென் திரினிடம் என்றைக்கோ சொல்லியிருந்தான்.

அதனால்தான் சோவான் அவளைக் காலைச் சாப்பாட்டுக்குக் கடைக்கே அழைத்தாள். ஒரு வாய் சாப்பிடட்டும், அப்புறம் சொல்லட்டும் கோழி என்று.

ஏழரைக்கு வந்தார்கள். கடையில் நல்ல கூட்டம். சோவான் ஓரத்து மேசையை இரண்டு தடவை துடைத்து முய்யை உட்கார வைத்தாள். எதிரில் கியெனும், அரை நாள் லீவு போட்டிருந்த திரினும். விலாவில் கருகாத துண்டாகப் பொறுக்கினாள். கிண்ணத்தில் சோற்றை அழுத்தித் தட்டில் கவிழ்த்தாள். குன்று மாதிரி நின்றது. உச்சியில் லேசாகக் குழி பண்ணி, அந்த நாலாவது முட்டையை முழுசாக உட்கார வைத்தாள். இங்கே எல்லோரும் கரண்டியும் முள்கரண்டியும்தான். வடக்கத்தி அம்மாளுக்குப் பழகாது என்று வீட்டிலிருந்து புதுக் குச்சி ஒரு ஜோடி கொண்டுவந்து தட்டோரத்தில் வைத்தாள். இரண்டு கையாலும் ஏந்திப் போய் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்கக்கா."

முய் தட்டைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மூன்று நாளாகப் பார்த்த முகத்துக்கு அடியில் வேறொரு முகம் இருந்திருக்கிறது என்று சோவானுக்கு அப்போதுதான் தெரிந்தது. முய் எழுந்தாள். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. தலையில் போடுகிற ஓலைத் தொப்பியை எடுத்துக்கொண்டு சந்து வாசலைப் பார்த்து நடந்தாள். கியென் தட்டைப் பார்த்து வெளிறிப்போய், "அம்மா, அம்மா" என்று பின்னாலேயே ஓடினான்.

"என்னத்தம்மா வச்சே?" திரின் தட்டைக் காட்டினாள். "பாரும்மா. நல்லாப் பாரு."

சோவான் பார்த்தாள். வெள்ளைக் குவியல். உச்சியில் வெள்ளை முட்டை. பக்கத்தில் ஒரு ஜோடி குச்சி.

ஐயையோ.

உயிர் போனதும் தலைமாட்டில் வைக்கிற சோறு அது. கிண்ணம் ததும்பக் குவித்து, அவித்த முட்டையை மேலே வைத்து, குச்சியோடு, போகிறவர் பசியோடு போகக்கூடாது என்று வைக்கிற கடைசிச் சோறு. வடக்கிலும் அதுதான், தெற்கிலும் அதுதான். அவள் அப்பாவுக்கு அவளே வைத்திருக்கிறாள். வீட்டில் ஒரே அகப்பையாகச் சோறு போட்டால், 'ஒத்த அகப்ப செத்தவங்களுக்குடி, ரெண்டாவதா ஒரு பருக்கையாவது போடு' என்று அம்மா கையில் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. எல்லாம் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு இருநூறு தட்டு, இருபது வருஷம். கை கவிழ்த்துக்கொண்டே இருந்தது, கண் தூங்கிவிட்டது. தினமும் மேலே வைப்பது பொரித்த முட்டை. மஞ்சளும் எண்ணெயுமாகப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. பாசம் காட்டுகிறேன் பேர்வழி என்று இன்றைக்கு அவித்து உரித்து வைத்தாளே! அதுவும் யாருக்கு? புருஷன் தலைமாட்டில் இதே சோற்றை வைத்த கை உலருவதற்குள் வந்திருக்கிறவளுக்கு.

"முடிஞ்சுபோச்சு," என்றாள் திரின். அழவில்லை. அழுதிருந்தால் சோவானுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நல்ல காரியம் பேச வந்தவங்களுக்கு நாம சாவுச் சோறு வச்சுட்டோம். இதுக்கு மேல என்னம்மா இருக்கு?"

கண்ணில் படாமல் முதலில் இதைத் தூக்கிக் கொட்டிவிட வேண்டும் என்று சோவான் தட்டில் கை வைத்தாள்.

"எடுக்காத," என்றார் லூம்.

விசிறியைக் கீழே வைத்திருந்தார். இருபது வருஷத்தில் வியாபார நேரத்தில் அவர் விசிறியைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. "வச்சது வச்சாச்சு. எடுத்துக் கொட்டுனா அது இன்னும் கெட்டது. செத்தவங்க சோறாயிருச்சுன்னா, செத்தவரக் கூப்பிடு. பையனுக்கு அப்பாதானே? பொண்ணு பாக்க அவரும் வர வேண்டியவருதானே?"

அன்றைய வார்த்தை அத்தனையும் தீர்ந்திருக்கும். பைக் டாக்சிக்கார ஃபாக், "அண்ணி, என் தட்டு என்னாச்சு? பசி காத அடைக்குது," என்று பெஞ்சிலிருந்து கத்தினார். லூம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஃபாக் அடங்கிவிட்டார்.

கூப்பிடலாம். ஆனால் பேர் சொல்லித்தானே கூப்பிட வேண்டும்? "உன் மாமனார் பேர் என்னடி?" என்றாள் சோவான். திரின் விழித்தாள். பெற்றவர் பேரைப் பிள்ளைகள் வாயால் சொல்வதில்லை. கியென் எப்போதும் அப்பா, அப்பா என்றுதான் சொல்லியிருக்கிறான். இரண்டேகால் வருஷமாகச் சம்பந்தி என்கிறோம், செத்துப்போன மனிதரின் பேர்கூடத் தெரியவில்லையே என்று சோவானுக்கு வெட்கமாகிவிட்டது. முன்கட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

சந்து முனையில் ஒரு புளியமரம். அதன் அடியில் முய் ஓலைத் தொப்பியால் விசிறிக்கொண்டு நின்றிருந்தாள். கியென் பத்தடி தள்ளி, அடி வாங்கிய பையன் மாதிரி நின்றான். சோவான் பக்கத்தில் போனாள். வழியில் நாலைந்து மன்னிப்பு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்தாள். அவள் வாய்க்கு அது பழக்கமில்லை.

"அக்கா," என்றாள். "அண்ணன் பேர் என்ன?"

முய்யின் கையிலிருந்த தொப்பி நின்றது.

"அவரு சாப்பாட்ட அவரக் கூப்பிட்டுக் குடுக்கணும்ல? பேர் தெரியாம எப்படிக் கூப்பிடுறது? இங்க வந்த நாள்லேருந்து நான் கேட்டிருக்கணும். கேக்கல. நான் ஒரு முட்டாள் சிறுக்கி."

முய் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தாக்," என்றாள். பிறகு, சத்தமாகச் சொல்லிப் பழகுவதுபோல இன்னொரு தடவை, "தாக்குங்க." கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "கடேசி ரெண்டு மாசம் தொண்டைல ஒண்ணும் எறங்கலீங்க அம்மிணி. முளு அரிசி கஞ்சி குத்துதுன்னாரு. பொடைச்சுப் பொடைச்சு நொய்யி பொறுக்கிக் கஞ்சி வெச்சேனுங்க. அதுதான் எறங்குச்சு. 'பாத்தியா, கோளி பங்கு எனக்கு வந்துருச்சு'ன்னு சிரிப்பாருங்க. அந்த ரெண்டு மாசம் எங்கூட்டுக் கோளிக்கு நொய்யே இல்லீங்க." மூக்கை உறிஞ்சினாள். "அன்னைக்கு உங்கூட்ல கோளிக்குன்னு சொன்னனில்லீங்களா. வேற எப்படிச் சொல்லறதுன்னு தெரியிலீங்க."

சோவான் அவள் கையைப் பிடித்தாள். வயலில் வேலை செய்த கை, அவள் கையைவிடக் காய்ப்பு அதிகம். இரண்டு பேரும் அப்படியே திரும்பி நடந்தார்கள். கியென் பின்னால் வந்தான்.

கடை வாசலில் தரையோரம் மண்சாமிக்கு ஒரு சின்ன மாடம் உண்டு. அங்கிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கரியில் பற்றவைத்தாள் சோவான். தகர டம்ளரில் நொய்யை நிரப்பி அதில் செருகி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கடையில் இருந்தவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் பேச்சு நின்றது. ஃபாக் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தாக் அண்ணே," என்றாள் சோவான், கை கூப்பி. "வாங்க. தூரத்துலேருந்து அக்காவும் வந்திருக்காங்க, உங்க பையனும் இருக்கான். இது என் பொண்ணு திரின். மொத சாப்பாட்டுல யாரையும் கூப்பிடாம தின்னுட்டா. அது அவ தப்பு இல்ல, வளர்த்த என் தப்பு. நான் வச்ச சோத்துல குத்தம் இருந்தா என் மேல காட்டுங்கண்ணே, பிள்ளைங்க மேல காட்டாதீங்க. நொய்ச்சோறுதான். நல்லா வெந்திருக்கு. தொண்டைல குத்தாது."

அந்தக் கடைசி வார்த்தைக்கு முய் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பத்தி எரிந்து முடிய அரை மணி ஆகும். வியாபாரம் நின்றது. புதிதாக வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றார்கள். நின்றவர்களில் ஒருவர்கூட வேறு கடைக்குப் போகவில்லை என்பதை சோவான் பிற்பாடு பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாம்பல் வளைந்து விழுந்ததும் முய் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாமிக்கும் முன்னோருக்கும் படைத்ததை வீட்டார் எடுத்துச் சாப்பிடுவதுதானே வழக்கம். முட்டையை இறக்கிக் குச்சியால் இரண்டாக்கி, ஒரு பாதியைக் கியெனுக்கு வைத்தாள். இன்னொரு பாதியைக் கொஞ்ச நேரம் குச்சியில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் தட்டிலேயே போட்டாள். அது தனக்கு வரும் என்று பார்த்திருந்த திரின் தலைகுனிந்தாள். முய் குவியலைக் கலைத்து, மீன்சாறு ஊற்றி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய். அப்புறம் குச்சி நொய்க்கு ஒத்துவரவில்லை என்று கரண்டி கேட்டாள். தட்டு காலியாகும்வரை நிமிரவில்லை.

"எங்கூட்டுக் கோளிங்களுக்கு இத்தன நாளா நல்ல யோகமுங்க," என்றாள்.

கடை முழுக்கச் சிரித்தது. சோவான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரிக்கும்போதே ஒன்று உறுத்தியது. சாப்பிட்டாள், பாராட்டினாள், எல்லாம் சரி. கல்யாணம் என்று இன்னும் சொல்லவில்லையே!

மதியம் வீட்டில் கடைசிச் சாப்பாடு. திரின் சமைத்தாள். தாய்பின் அரிசி; நீள நீளமாக, முத்து மாதிரி வெந்திருந்தது. பாயில் ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். வழக்கம்போலப் பானை சோவானுக்குப் பின்னால் மூலையில். யாரும் குச்சியைத் தொடவில்லை. திரின் தொண்டையைச் செருமினாள்.

"அத்தை, சாப்பிட வாங்க. அப்பா, சாப்பிட வாங்க. அம்மா, சாப்பிட வாங்க." கியென் பக்கம் திரும்பி, "நீயும் வா, வேற என்ன," என்றாள். காது வரை சிவந்துவிட்டது. லூமுக்கு இருபது வருஷமாக யாரும் இப்படிச் சோற்றுக்கு வெற்றிலை பாக்கு வைத்ததில்லை. அவர் திகைத்துப்போய், "சரிம்மா, வந்துட்டேன்," என்று உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொன்னார்.

முய் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பாதி எழுந்து, சோவானைத் தாண்டிக் கையை நீட்டி, பானையைக் காதைப் பிடித்துத் தூக்கினாள். கனமாக இருந்தது. கியென் உதவ எழுந்தான். தலையசைத்து உட்காரச் சொன்னாள். தூக்கிக்கொண்டு வந்து திரினின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்து, அகப்பையின் காம்பைத் திரின் பக்கமாகத் திருப்பிவிட்டாள். தன் இடத்தில் போய் உட்கார்ந்து காலிக் கிண்ணத்தை நீட்டினாள்.

சோவானுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த வேகத்திலேயே எங்கோ ஒரு மூலையில் வலித்தது. நாளைக்கு இந்தப் பெண் எந்த ஊரில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு ஆறின சோறு தின்னப்போகிறாளோ! அதை ரெண்டு வார்த்தை பேசித்தான் அனுப்ப வேண்டும். பேசலாம், சாப்பிட்டு முடிந்து பேசலாம். அவள் கியெனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதுபோல நடித்தான்.

திரின் அதை வாங்கிக்கொண்டு அகப்பையை எடுத்தாள். கடைக்குப் பழகிய கை. சோற்றை அள்ளிக் கிண்ணத்தில் போட்டதும் தன்னால் அழுத்தப் போனது. சட்டென்று நின்றது. அகப்பை மறுபடி பானைக்குள் போய், இரண்டாவதாகக் கொஞ்சம், ஒரு பிடிகூட இராது, எடுத்து மேலே தூவினாற்போல் போட்டது. கவிழாத, அழுத்தாத சோறு. ஆவி மேலே எழும்ப, அந்தக் கிண்ணத்தை அவள் இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள்.